ஆறாவது இன்னிங்ஸில் வருபவர்: மிடில் ரிலீவரைப் பார்க்கப் பழகும் முறை

நியூயார்க்கில் இரவு 7:05-க்குத் தொடங்கும் பேஸ்பால் மேட்ச் நமக்கு விடிகாலை 4:35. அந்த நேரத்துக்கு எழுந்திருக்க எல்லோராலும் முடியாது. ஆறு, ஆறேகால் வாக்கில் காபி டம்ளரோடு வந்து உட்காருபவர்களே அதிகம். அப்போது ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரத்தில் முகம் காட்டிய பிட்சர் (பந்து வீசுபவர்) போயிருப்பார். பெயர் கேள்விப்படாத ஒருவர் மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) நிற்பார். "யாருப்பா இவன்? நல்லாப் போட்டுட்டு இருந்தவனை எதுக்கு எடுத்தாங்க?" என்னோடு உட்கார்ந்து பார்த்த நண்பர்கள் ஒருவர் விடாமல் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அந்தப் பெயர் தெரியாதவர்தான் மிடில் ரிலீவர். ஸ்டார்ட்டர் (மேட்சைத் தொடங்கும் பிட்சர்) விட்ட இடத்தில் தொடங்கி, கடைசி இன்னிங்ஸை முடிக்கும் க்ளோசர் வருவதற்குள் இறங்கிவிடுபவர். இவரை ரசிக்க முடியாமல் போவதற்குக் காரணம், நாம் பார்க்கும் வரிசை தலைகீழாக இருப்பது. முதலில் அவருடைய ஈ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) பார்க்கிறோம், பிறகு ரன் விழுந்ததா என்று பார்க்கிறோம். எந்த நிலைமையில் வந்தார் என்பதைக் கவனிப்பதே இல்லை. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் மறுபடியும் ஈ.ஆர்.ஏ.வில்தான் போய் நிற்பீர்கள்.

உதாரணத்துக்கு ஒரே மேட்சை வழி நெடுக எடுத்துக்கொள்கிறேன்: 2017 அக்டோபர் 3, யாங்கி ஸ்டேடியம், அமெரிக்கன் லீக் வைல்டு கார்டு மேட்ச், நியூயார்க் யாங்கீஸ் எதிர் மின்னசோட்டா ட்வின்ஸ். தோற்ற அணி வீட்டுக்குப் போக வேண்டிய மேட்ச் அது.

1. தொடங்கும் முன்: இரண்டு கிரிக்கெட் பழக்கங்களைக் கழற்றி வையுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பென்சில், மேட்ச் முடிந்ததும் பார்க்க ஒரு பாக்ஸ் ஸ்கோர் (மேட்சின் எண்களைத் தொகுத்த அட்டவணை) பக்கம். பொருளாக வேண்டியது இவ்வளவுதான். மூன்று அவுட்டுக்கு ஒரு அரை இன்னிங்ஸ், நான்கு பால் (எல்லைக்கு வெளியே விழுந்து பேட்டர் ஆடாமல் விட்ட பந்து) என்றால் வாக் (பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாகப் போவது), மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட் என்பது தெரிந்தால் போதும். மற்றதைப் போகப் போகப் பிடித்துக்கொள்ளலாம்.

மனதளவில் தயாராவதுதான் கஷ்டம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் இடறும். முதலாவது, ஸ்பெல். கிரிக்கெட்டில் பும்ராவை மூன்று ஓவர் போட வைத்து, எடுத்து, பதினெட்டாவது ஓவரில் திரும்பக் கொண்டுவரலாம். பேஸ்பாலில் மேட்சை விட்டு இறங்கிய பிட்சர் அன்றைக்குத் திரும்பவே முடியாது. எனவே ஒருவரை இறக்குவது என்பது அவரைச் செலவழிப்பது. புல்பென்னிலிருந்து (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) ஒருவர் ஓடி வரும்போதெல்லாம், பிட்சரை மாற்ற முடிவெடுக்கும் மேனேஜரின் சட்டைப்பையில் ஒரு நோட்டு குறைகிறது.

இரண்டாவது பழக்கம் இதைவிட ஆழமானது. கிரிக்கெட்டில் யார் பந்தில் ரன் போகிறதோ அவர் கணக்கில் சேரும். பேஸ்பாலில் அப்படி இல்லை. பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய முனைகளில் ஒன்றில்) நிற்கும் ஆளை யார் ஏற்றிவிட்டாரோ, அவர் கணக்கில்தான் அந்த ரன் விழும். அடுத்து வந்தவர் வீசும்போது அந்த ஆள் ஓடி வந்து ரன் எடுத்தாலும், எழுதப்படுவது போனவர் பெயரில். போனவர் வாங்கிய கடன், வந்தவர் கையில் வசூலாகிறது. இப்படி விட்டுச் செல்லப்பட்டவர்களை நான் நோட்டில் "பாக்கி ரன்னர்" என்று குறிப்பேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே அழைக்கிறேன். இந்த ஒரு விதி புரியாதவரை மிடில் ரிலீவரைப் பற்றிய எந்த எண்ணும் உங்களுக்கு உண்மை பேசாது.

2. புல்பென்னை வேலைவாரியாகப் பிரியுங்கள்

மேஜர் லீக் அணியில் 26 பேர். அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஐந்து ஸ்டார்ட்டர்களைக் கழித்தால் புல்பென்னில் எட்டுப் பேர். இந்த எட்டுப் பெயரையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். பெயர்கள் அடிக்கடி மாறும். வேலைகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

ஒருவர் க்ளோசர். அவருக்கு முன் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸைப் பார்த்துக்கொள்ளும் செட்டப் ஆட்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மீதி ஐந்து பேர்தான் நம் ஆட்கள். இவர்களில் ஒருவர் இடக்கை பேட்டர்களை அடக்க வைத்திருக்கும் லெஃப்டி. ஒருவர் ஸ்டார்ட்டர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே அடி வாங்கினால் மூன்று, நான்கு இன்னிங்ஸ் தாங்கும் லாங் மேன். ஒருவர் தரையில் உருளும் பந்தாக அடிக்க வைத்து டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு அவுட்) வாங்குபவர். ஒருவர் நேற்று மைனர் லீக்கிலிருந்து (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) வந்தவர், அடுத்த வாரம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது.

வேலையைப் பார்த்துப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. லாங் மேனை க்ளோசரின் அளவுகோலால் அளந்தால் அவர் எப்போதும் தோற்றவராகவே தெரிவார். அவர் வருவதே அணி ஐந்து ரன் பின்தங்கி இருக்கும்போதுதான்.

3. மேட்சுக்கு முன் மூன்று நாள் கணக்கைப் பாருங்கள்

யார் முந்தாநாள் வீசினார், யார் நேற்று வீசினார், எத்தனை பந்து. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு மேட்ச் பார்ப்பவர்கள் பாதி நேரம் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு நாள் தொடர்ந்து வீசியவரை மூன்றாம் நாள் பெரும்பாலும் தொட மாட்டார்கள். நேற்று 30 பந்துக்கு மேல் வீசியவருக்கு இன்று ஓய்வு என்பது கிட்டத்தட்ட எழுதாத சட்டம். எட்டில் மூன்று பேர் இப்படிக் கழிந்துவிட்டால் மேனேஜரிடம் இருப்பது ஐந்து பேர்தான். "அவனை ஏன் கொண்டுவரல?" என்ற கேள்விக்குப் பதில் அநேகமாக இந்தக் கணக்கில் இருக்கும்.

பாக்ஸ் ஸ்கோரில் வராத உழைப்பு ஒன்றும் உண்டு. புல்பென்னில் எழுந்து, இருபது பந்து வீசி உடம்பைச் சூடேற்றி, "வேண்டாம், உட்கார்" என்று சைகை வந்து உட்கார்ந்தவர். அவர் பெயருக்கு நேராக எந்த எண்ணும் விழாது, ஆனால் கை களைத்திருக்கும். கேமரா புல்பென்னைக் காட்டும்போது யார் எழுந்து நிற்கிறார் என்று நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அந்தக் கோடு உதவும்.

4. ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து ஸ்டார்ட்டரைக் கவனியுங்கள்

இன்றைய ஸ்டார்ட்டர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்ஸும் கொஞ்சமும்தான் வீசுகிறார்கள். எதிரணியின் ஒன்பது பேட்டர்களும் அவரை இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாவது முறை வரும்போது அவர்கள் கை ஓங்குகிறது. அவருடைய பந்து எப்படி வளையும், எந்த பால்-ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் எதை வீசுவார் என்பது பழகிப்போயிருக்கும். அதனால்தான் "நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவரை" எடுக்கிறார்கள். தீ பிடித்த பிறகு தண்ணீர் தேடக் கூடாது என்பதுதான் இங்கே கணக்கு.

மூன்றை மட்டும் பாருங்கள்: பந்து எண்ணிக்கை 85 தாண்டியதா, முதல் வரிசை பேட்டர்கள் மூன்றாம் முறை வருகிறார்களா, புல்பென்னில் யார் எழுந்திருக்கிறார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால், ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை என்றால், மேனேஜர் அடுத்த மூன்று பேட்டர்களின் கையைப் பார்த்து யோசிக்கிறார் என்று பொருள்.

எங்கள் உதாரண மேட்சில் இதற்கெல்லாம் நேரமே இருக்கவில்லை. அந்தப் பருவத்தில் யாங்கீஸின் முதல் ஸ்டார்ட்டர் லூயிஸ் செவெரினோ. முதல் பேட்டர் பிரையன் டோசியர் ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி). கொஞ்ச நேரத்தில், பேஸில் ஒரு ஆள் இருக்கும்போது, எடி ரொசாரியோ இன்னொரு ஹோம் ரன். மூன்று ரன். அதன்பின் இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆள். செவெரினோ எடுத்திருந்தது ஒரே ஒரு அவுட். மேனேஜர் ஜோ ஜிரார்டி நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். மிச்சம் 26 அவுட்டும் புல்பென்னின் தலையில்.

5. அவர் ஓடி வரும்போது நான்கு விஷயங்களை எழுதுங்கள்

முழு வழிகாட்டியிலும் முக்கியமான படி இது. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ரிலீவர் புல்பென் கதவைத் திறந்து மவுண்டை எட்டுவதற்குள், முதல் பந்து விழுவதற்கு முன்பே, எழுதி முடித்துவிட வேண்டும். பந்து விழுந்த பிறகு எழுதினால் நடந்தது உங்கள் நினைவைத் திருத்திவிடும். "அப்படி ஒன்றும் பெரிய நெருக்கடி இல்லையே" என்று தோன்றும், ஏனென்றால் அவர் அதைத் தீர்த்துவிட்டிருப்பார்.

எழுத வேண்டியவை: ஸ்கோர். எத்தனையாவது இன்னிங்ஸ், எத்தனை அவுட். எந்தெந்த பேஸில் ஆள். அடுத்து வரும் மூன்று பேட்டர்கள், அவர்கள் எந்தக் கை.

மூன்று பேட்டர் எதற்கு? 2020 முதல் ஒரு விதி: உள்ளே வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடிய வேண்டும். காயம், உடல்நலக் குறைவு மட்டுமே விலக்கு. அதற்கு முன் ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக ஒரு லெஃப்டியைக் கொண்டுவந்து உடனே எடுத்துவிடுவார்கள். இப்போது இடக்கை, வலக்கை, இடக்கை என்று மூன்று பேரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இதில் ஒரு சந்து உண்டு. இரண்டு அவுட் விழுந்த பிறகு வந்தால், ஒரே பேட்டரை அவுட் செய்து இன்னிங்ஸை முடித்துவிட்டு இறங்கலாம். அதனால் இரண்டு அவுட்டில் லெஃப்டி வந்தால் அது பழைய பாணி ஆட்டம், ரசித்துப் பாருங்கள்.

செவெரினோவுக்குப் பதிலாக வந்தவர் சாட் கிரீன். அவர் வந்தபோது என் நோட்டில் இருந்திருக்க வேண்டியது இதுதான்: 0-3, முதல் இன்னிங்ஸ், ஒரு அவுட், இரண்டிலும் மூன்றிலும் ஆள், எதிரே பைரன் பக்ஸ்டன். உண்மையைச் சொன்னால் அன்று நானும் எழுதவில்லை. செவெரினோ போன சோகத்தில் இருந்தேன். பின்னால் மேட்சைத் திரும்பப் பார்த்தபோதுதான் எழுதினேன், அப்போதுதான் அந்த மேட்ச் எனக்குப் புரிந்தது.

6. நிலைமைக்கு ஒரு விலை போடுங்கள்

எழுதிய நிலைமை எவ்வளவு மோசம் என்பதை அளக்க ஒரு சின்ன வாய்ப்பாடு இருக்கிறது. லட்சக்கணக்கான இன்னிங்ஸ்களைக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு நிலைமையிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். தோராயமாக இவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

பேஸ் காலி, அவுட் இல்லை: அரை ரன். முதல் பேஸில் ஆள், ஒரு அவுட்: இதுவும் அரை ரன். இரண்டாவது பேஸில் ஆள், அவுட் இல்லை: 1.1. இரண்டிலும் மூன்றிலும் ஆள், ஒரு அவுட்: 1.4. மூன்று பேஸிலும் ஆள், அவுட் இல்லை: 2.3. அதுவே ஒரு அவுட் என்றால் 1.5, இரண்டு அவுட் என்றால் 0.75.

இது எதற்கென்றால், வந்தபோது இருந்த விலையையும் போனபோது விழுந்த ரன்னையும் கழித்துப் பார்க்கத்தான். கிரீன் வந்தபோது விலை 1.4. அவர் பக்ஸ்டனை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அடுத்து ஜேசன் காஸ்ட்ரோவையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். விழுந்த ரன் பூஜ்யம். ஏறக்குறைய ஒன்றரை ரன்னை அவர் அணைத்துவிட்டார். அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் டிடி கிரெகோரியஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 3-3 ஆக்கினார். கைதட்டல் முழுக்க அவருக்கு. கிரீன் தோற்றிருந்தால் அந்த ஹோம் ரன் 5-3 என்று குறைத்திருக்கும், அவ்வளவுதான்.

கிரீன் அணைத்த அந்த ஒன்றரை ரன் யார் கணக்கில் நன்மையாகச் சேர்ந்தது? செவெரினோவின் ஈ.ஆர்.ஏ.வில். பேஸில் நின்ற இருவரும் அவர் ஏற்றியவர்கள், அவர்கள் ஓடி வந்திருந்தால் ரன் அவர் பெயரில் போயிருக்கும். கிரீனின் ஈ.ஆர்.ஏ.வில் அந்தச் சாதனைக்கு "இரண்டு அவுட், ரன் இல்லை" என்பதைத் தாண்டி ஒரு சுவடும் கிடையாது.

இன்னும் வேடிக்கை மூன்றாவது இன்னிங்ஸில். யாங்கீஸ் 4-3 முன்னிலை. கிரீன் களைத்து, ஒரு அவுட்டோடு மூன்று பேஸையும் நிரப்பிவிட்டார். வந்தவர் டேவிட் ராபர்ட்சன். விலை 1.5. பக்ஸ்டன் தரையில் அடித்தார். டபுள் பிளே கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் அவர் ஓட்டம் அப்படி, முதல் பேஸை எட்டிவிட்டார். ஒரு ரன் வந்து 4-4. அடுத்த ஆள் ஸ்ட்ரைக்-அவுட். அந்த ஒரு ரன் கிரீன் பெயரில் எழுதப்பட்டது. முதல் இன்னிங்ஸில் அடுத்தவர் கடனை அடைத்தவர், மூன்றாவதில் தன் கடனை அடுத்தவரிடம் விட்டுப் போனார். வெறும் எண்களைப் பார்ப்பவருக்குக் கிரீன் "இரண்டு இன்னிங்ஸில் ஒரு ரன்". நோட்டைப் பார்ப்பவருக்கு அன்று மேட்சைக் கையில் பிடித்து நிறுத்தியவர்.

7. வந்த வேலைக்கு ஏற்ற அவுட்டா என்று பாருங்கள்

எல்லா அவுட்டும் ஒன்றல்ல. மூன்றாவது பேஸில் ஆள் நின்று, இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால், பந்து பேட்டில் படுவதே ஆபத்து. தரையில் உருண்டாலும் ரன் வரலாம், தூரமாகப் பறந்து பிடிபட்டாலும் ரன் வரலாம். அங்கே தேவை ஸ்ட்ரைக்-அவுட். முதல் பேஸில் ஆள், ஒரு அவுட் என்றால் கதை வேறு. அங்கே உருளும் பந்து ஒன்று கிடைத்தால் டபுள் பிளேயில் இன்னிங்ஸே முடிந்துவிடும்.

எனவே முதலில் "இப்போது எந்த அவுட் வேண்டும்?" என்று உங்களையே கேளுங்கள். பிறகு "இதற்கு இவர் சரியான ஆளா?" என்று கேளுங்கள். வேகத்தை மட்டும் பார்த்து மயங்குவது புதியவர்களின் பெரிய தவறு. 100 மைல் என்று திரையில் வந்தால் "ஆஹா" என்பார்கள். 83 மைல் என்று வந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். டைலர் ராஜர்ஸ் என்று ஒரு வலக்கை பிட்சர். சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் பல ஆண்டுகள் ஆடியவர். கை ஏறக்குறைய தரையை உரசும்படி கீழிருந்து வீசுவார், ஃபாஸ்ட்பால் வேகம் சுமார் 83 மைல்தான். அவர் பந்தை அடித்தால் பெரும்பாலும் தரையில் உருளும். வாக் கொடுப்பது அபூர்வம். 2021-இலும் 2024-இலும் எழுபதுக்கு மேற்பட்ட மேட்ச்களில் அவரை இறக்கினார்கள். 97 மைல் வீசும் ஒருவரைப் பார்த்துவிட்டு உடனே அந்தப் பந்தைச் சந்திக்கும் பேட்டரின் முகத்தைப் பாருங்கள், காரணம் புரியும்.

ரிலீவரிடம் இரண்டே வகைப் பந்துதான் இருக்கும் என்பதையும் குறையாக எடுக்க வேண்டாம். ஸ்டார்ட்டருக்கு நான்கு, ஐந்து வகை வேண்டும், ஏனென்றால் அதே பேட்டர் மூன்று முறை வருவார். ரிலீவரை ஒரு பேட்டர் ஒரு இரவில் ஒரு முறைதான் பார்க்கிறார். இரண்டு நல்ல பந்து போதும், முதல் பந்து ஸ்ட்ரைக்காக விழ வேண்டும். முதல் பந்து என்ன ஆனது என்று மட்டும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். யார் நடுக்கத்தோடு வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதல் பேஸில் பாக்கி ரன்னர் இருந்தால் இன்னொரு சுமை. பிட்ச் கிளாக் விதிப்படி பேஸில் ஆள் இருந்தால் 18 விநாடிக்குள் வீச வேண்டும். ஒரு பேட்டர் ஆடி முடிப்பதற்குள் இரண்டு முறைதான் ரன்னரை மிரட்ட பேஸுக்குப் பந்தை எறியலாம் அல்லது வீசாமல் பின்வாங்கலாம். மூன்றாவது முறை எறிந்து அவுட் ஆக்காவிட்டால் ரன்னருக்கு ஒரு பேஸ் இலவசம். அவர் ஏற்றாத ஆளை அவர்தான் கட்டிப்போட வேண்டும்.

8. எழுந்து உட்கார்ந்து மறுபடி எழுபவரைத் தனியாகக் குறியுங்கள்

நெருக்கடியில் வந்து இரண்டு அவுட் எடுத்து, டக்-அவுட்டில் (அணியின் பெஞ்சில்) பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, உடம்பு ஆறி, மறுபடி அடுத்த இன்னிங்ஸுக்கு எழுவது வெளியே தெரியாத கஷ்டம். கிரீன் அன்று மூன்று இன்னிங்ஸில் கால் வைத்து ஆறு அவுட் எடுத்தார். ராபர்ட்சன் 52 பந்து வீசி பத்து அவுட் எடுத்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம் அதுதான். ஒரு ரன்கூட அவர் பெயரில் இல்லை. அவருக்குப் பின் டாமி கேன்லி ஏழு அவுட், கடைசி மூன்று அவுட் க்ளோசர் அரோல்டிஸ் சாப்மனுக்கு. யாங்கீஸ் 8-4.

கூட்டிப் பாருங்கள்: 6, 10, 7, 3. மொத்தம் 26. க்ளோசர் எடுத்தது மூன்று.

9. மேட்ச் முடிந்ததும்: எண்களை இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் பாக்ஸ் ஸ்கோரின் கீழே சிறு எழுத்தில் வரும் பாக்கி ரன்னர் (ஆங்கிலத்தில் inherited runners) கணக்கு. எத்தனை பேரைப் பெற்றுக்கொண்டார், அதில் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள் என்று இரண்டு எண் இருக்கும். கிரீனுக்கு 2-0, ராபர்ட்சனுக்கு 3-1. பொதுவாகப் பத்துப் பாக்கி ரன்னரில் மூன்று பேர் வீடு வந்து சேர்வார்கள். பருவம் முழுக்க அதைவிடக் குறைவாக வைத்திருப்பவர் கெட்டிக்காரர்.

இரண்டாவது, ஸ்ட்ரைக்-அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்தால் வருவது. லீக் சராசரி பதினான்கு சதவீதத்தைச் சுற்றி இருக்கும். இருபதைத் தாண்டினால் அவரிடம் நிஜமாகவே சரக்கு இருக்கிறது. பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் பிடித்தாரா என்ற அதிர்ஷ்டம் இதில் குறைவு.

மூன்றாவது, லெவரேஜ். ஒரு தருணம் மேட்சின் முடிவை எவ்வளவு ஆட்டும் என்பதை அளக்கும் எண். சராசரி 1. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் ஒவ்வொரு ரிலீவரும் உள்ளே வரும்போது இருந்த சராசரி லெவரேஜ் கிடைக்கும். ஏப்ரலில் 0.7-இல் வந்தவர் ஜூலையில் 1.3-இல் வருகிறார் என்றால் மேனேஜரின் நம்பிக்கை ஏறிவிட்டது. பேட்டி, செய்தி எதையும் விட இந்த எண் நேர்மையானது என்பது என் கருத்து.

ஈ.ஆர்.ஏ. கடைசியில். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுவிடலாம். மிடில் ரிலீவர் பருவத்துக்குச் சுமார் 60 இன்னிங்ஸ்தான் வீசுவார். 20 ரன் கொடுத்தால் ஈ.ஆர்.ஏ. 3.00. அதில் 5 ரன் ஒரே கெட்ட இரவில் வந்தது என்று வையுங்கள். அந்த இரவை எடுத்துவிட்டால் அவர் 2.30-க்கும் கீழே. ஐந்து மாத உழைப்பின் முகத்தை ஒரு இரவு மாற்றிவிடுகிறது. ஸ்டார்ட்டருக்கு 180 இன்னிங்ஸ் இருக்கும், இப்படி ஒரு இரவு அவ்வளவாக உறுத்தாது.

ஹோல்டு என்ற கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 1986-இல் மிடில் ரிலீவர்களுக்காகவே உருவாக்கிய எண் அது. மூன்று ரன்னுக்குள்ளான முன்னிலை போன்ற நெருக்கமான நிலையில் வந்து, ஒரு அவுட்டாவது எடுத்து, முன்னிலையை விடாமல் அடுத்தவர் கையில் கொடுத்தால் ஒரு ஹோல்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் ஓட்டை நிறைய. மூன்று ரன் முன்னிலையில் வந்து இரண்டு ரன் கொடுத்துவிட்டுப் போனாலும் ஹோல்டு விழும். சமநிலையில் வந்து மூன்று பேரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தால் விழாது. கிரீனின் முதல் இன்னிங்ஸ் சாகசத்துக்கும் விழாது, அணி பின்தங்கி இருந்ததே. வெற்றிக் கணக்கும் (ஜெயித்த அணியின் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும் வெற்றி) அப்படியே. ஐந்து இன்னிங்ஸ் முடிக்காத ஸ்டார்ட்டருக்கு வெற்றி கிடையாது. அன்று அணி கடைசி முன்னிலையை எடுத்தபோது பிட்சராக இருந்தவர் என்பதால் வெற்றி ராபர்ட்சன் பெயரில் போனது. சில இரவுகளில் முன்னிலையைத் தொலைத்தவருக்கே, அடுத்த பாதியில் தன் அணி ரன் எடுத்துவிட்டதால், வெற்றி போய்ச் சேரும்.

10. தோற்கும் மேட்சையும் அணைக்காமல் பாருங்கள்

0-7 என்றதும் டிவியை அணைப்பது இயல்பு. ஆனால் லாங் மேனைப் பார்க்க அதுதான் நேரம். அவருடைய வேலை அந்த மேட்சை ஜெயிப்பது கிடையாது. நான்கு இன்னிங்ஸ் தாங்கி, மற்ற ஆறேழு பேரின் கையை நாளைக்கு மிச்சம் பிடிப்பது. பருவத்தில் 162 மேட்ச்கள், ஓய்வு நாள் குறைவு. நாளை ஏழாவது இன்னிங்ஸில் புதுக் கையோடு ஒருவர் வருகிறார் என்றால், இன்று தோற்ற மேட்சில் 60 பந்து வீசியவர் அதற்குக் காரணம்.

அதற்கு அவருக்குக் கிடைக்கும் பரிசு பல சமயம் மைனர் லீக்குக்கு ஒரு டிக்கெட். கை களைத்துவிட்டதால் அடுத்த சில நாள் பயன்பட மாட்டார், எனவே அவரை அனுப்பிவிட்டுப் புதிய கையைக் கூப்பிடுவார்கள். அனுப்பிய பிட்சரை, யாருக்காவது காயம் ஏற்பட்டாலொழிய, 15 நாள் திரும்பக் கூப்பிட முடியாது. ஒரே ஆளை ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்பவும் முடியாது. இந்த இரண்டு விதியும் 2022-இல் வந்தவை. அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம்.

அபூர்வமாக இந்த வேலை பெரிய மேடையில் நடக்கும். 2018 வேர்ல்டு சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) மூன்றாவது மேட்ச் 18 இன்னிங்ஸ் போனது. பாஸ்டனின் நேதன் ஈவோல்டி பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வந்து 97 பந்து வீசினார், கடைசியில் மேக்ஸ் மன்சி அடித்த ஹோம் ரன்னில் தோல்வி அவர் பெயரில் விழுந்தது. பாஸ்டன் அடுத்த இரண்டு மேட்சையும் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. 2025 அக்டோபர் 27, லாஸ் ஏஞ்சலிஸ், டொராண்டோவோடு வேர்ல்டு சீரிஸில் மறுபடியும் மூன்றாவது மேட்ச், மறுபடியும் 18 இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் புல்பென்னில் மிச்சமிருந்த கடைசி ரிலீவர் வில் க்ளைன் வந்தார். 72 பந்து, நான்கு இன்னிங்ஸ், ரன் இல்லை. பிறகு ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து 6-5 என்று முடித்தார்.

11. ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் பின்தொடருங்கள்

அணியை அல்ல, ஒரே ஒரு மிடில் ரிலீவரை. க்ளோசர் வேண்டாம், செட்டப் ஆளும் வேண்டாம். ஐந்தாறு பேரில் உங்களுக்கு வீச்சு பிடித்த ஒருவர் போதும். மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வருவார். ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு வரி: வந்த நிலை, விலை, முதல் பந்து, போன நிலை. அவர் வராத நாளில் "எழுந்தாரா?" என்பதற்கு ஒரு கோடு.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, முதல் வாரம் ஒரு ஹோம் ரன் வாங்கியதும் ஆளை மாற்றிவிடுவது. மாற்றாதீர்கள். மறுநாள் அவரை எந்த நிலைமையில் இறக்குகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. எட்டு ரன் முன்னிலையில் இறக்கினால் தேற்றுகிறார்கள். மூன்று நாள் கூப்பிடவே இல்லை என்றால் யோசிக்கிறார்கள். அடுத்த இரவே ஆறாவது இன்னிங்ஸில், ஒரு ரன் முன்னிலையில், இரண்டு பாக்கி ரன்னரோடு கையில் பந்தைக் கொடுத்தால், காபியைக் கீழே வைத்துவிட்டு பென்சிலை எடுங்கள்.